ஸ்கேனில் தேய்மானம் என்று வந்துவிட்டது: ஓய்வா, பயிற்சியா?

கேள்வி சுருக்கமாக இது: "வயது 52. உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டு வருடமாக இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4–எல்5 டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, தேய்மானமும் இருக்கிறது என்றார்கள். ஒரு வருடமாக வலது முட்டியும் வலிக்கிறது. எக்ஸ்ரேயில் அங்கேயும் தேய்மானம். ஒருவர் குனியாதே, படியேறாதே என்கிறார். இன்னொருவர் பயிற்சி செய்தே ஆக வேண்டும் என்கிறார். பெல்ட் போட்டேன், கரன்ட் வைத்தேன், இப்போது முட்டிக்கு ஊசி போடச் சொல்கிறார்கள். ஆராய்ச்சிகள் உண்மையில் என்ன சொல்கின்றன? எந்தப் பயிற்சி செய்வது?"

கடைசியாகக் கேட்டிருக்கிறீர்களே, எந்தப் பயிற்சி என்று, அதற்குக் கடைசியில்தான் வருகிறேன். 'தேய்மானம்' என்ற சொல்லை முதலில் சரிசெய்யாமல் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தால், இரண்டு வாரம் செய்வீர்கள், ஒருநாள் சுருக்கென்று பிடிக்கும், 'ஐயோ, இன்னும் தேய்த்துவிட்டேனே' என்று நிறுத்திவிடுவீர்கள். இருபது வருடத்துக்கு மேலாக இடுப்பும் முட்டியுமாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு, இடையிடையே மறுவாழ்வு சிகிச்சை ஆய்வுகளிலும் வேலை செய்துவருகிறேன். பயிற்சி பலிக்கவில்லை என்று வந்தவர்களில் நிறையப் பேரின் கதை இப்படித்தான் முடிந்திருந்தது.

முதலில் ஸ்கேன். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை; எல்4–எல்5 என்பது கீழ்முதுகின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு இடைப்பட்ட இடம். 1994-ல் அமெரிக்காவில் முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். படத்தைப் படித்த மருத்துவர்களுக்கு இவர்கள் வலி இல்லாதவர்கள் என்று தெரியாது. 52 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு இடத்திலாவது டிஸ்க் பிதுங்கியிருந்தது. 27 சதவீதம் பேருக்கு அதற்கும் ஒரு படி மேலே, ஒரு பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தது. எல்லா டிஸ்க்கும் நன்றாக இருக்கிறது என்று பெயர் வாங்கியவர்கள் 36 சதவீதம்தான். 2015-ல் இதுபோன்ற 33 ஆய்வுகளைச் சேர்த்து, வலி இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்தார்கள். உங்கள் வயதை ஒட்டிய எண்ணை மட்டும் சொல்கிறேன்: வலியே இல்லாத 50 வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 60 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். அதாவது உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் இரண்டு வரிகளும், வலி என்று ஒருநாளும் படுக்காத உங்கள் வயதுக்காரர் பலரின் ரிப்போர்ட்டிலும் இருக்கும். அவர்கள் ஸ்கேன் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முட்டியும் அப்படியே. அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேரின் முட்டிகளை எம்.ஆர்.ஐ. எடுத்து 2008-ல் வெளியிட்டார்கள். மெனிஸ்கஸ், அதாவது நாம் முட்டி ஜவ்வு என்று சொல்வது, கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேர் 'கடந்த ஒரு மாதத்தில் முட்டியில் வலியும் இல்லை, விறைப்பும் இல்லை' என்று சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு 'அப்படியானால் ஸ்கேன் எல்லாம் வீண்' என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அதுவும் சரியில்லை. 50 வயதுக்கு உட்பட்டவர்களை எடுத்துக்கொண்டால், வலி உள்ளவர்களிடம் இந்த மாற்றங்கள் அதிகம் தென்படுகின்றன என்பதும் தொகுப்பாய்வுகளில் வந்திருக்கிறது. படத்துக்கும் வலிக்கும் உறவு உண்டு. ஆனால் தளர்வான உறவு. படத்தைப் பார்த்து வலியைக் கணக்கிடவும் முடியாது, வலியைப் பார்த்துப் படத்தை ஊகிக்கவும் முடியாது.

தேய்மானம் என்ற சொல் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் உண்டு. சோப்பு தேயும், செருப்பு தேயும், டயர் தேயும். இவை எல்லாம் பயன்படுத்தப் பயன்படுத்தக் குறையும், திரும்ப வளராது. எனவே 'உங்கள் முட்டி தேய்ந்திருக்கிறது' என்று கேட்டவுடன் மனது ஒரு கணக்குப் போடுகிறது: நடந்தால் தேயும், நடக்காவிட்டால் மிச்சமாகும். மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு விஷயத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். பெரியவர்களின் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் கிடையாது. மூட்டின் மேல் பாரம் விழும்போது அதிலிருந்து நீர் வெளியேறி, பாரம் விலகும்போது மூட்டுக்குள் இருக்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. அந்தப் போக்குவரத்தில்தான் அதற்குச் சாப்பாடு கிடைக்கிறது. தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் செயலிழந்தவர்களின் முட்டியை அளந்து பார்த்தபோது, பாரமே விழாத அந்த முட்டிகளில் குருத்தெலும்பு மெலிந்துபோயிருந்தது. இன்னொரு பக்கம், 2017-ல் வந்த ஒரு தொகுப்பில், பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் இடுப்பு மூட்டு அல்லது முட்டித் தேய்மானம் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 சதவீதம். தொழில்முறையில் போட்டிக்கு ஓடுகிறவர்களிடம் 13.3 சதவீதம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே முட்டி சரியில்லாதவர்கள் ஓடவே மாட்டார்கள் என்பதால் இந்த எண்களை ஒரு சிட்டிகை சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். ஆனாலும் 'ஓடினால் தேயும்' என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதரவு இல்லை.

சரி, குனியாதே என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது? 1934-ல் பாஸ்டனில் வில்லியம் மிக்ஸ்டர், ஜோசப் பார் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள், உடைந்து வெளியே வந்த டிஸ்க் நரம்பை அழுத்திக் கால்வலியை உண்டாக்குகிறது என்று காட்டினார்கள். அது உண்மையான கண்டுபிடிப்பு. ஆனால் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள், காலுக்கு இறங்காத சாதாரண இடுப்பு வலிக்கும் டிஸ்க்கையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். 1960-களில் ஸ்வீடனில் ஆல்ஃப் நாகெம்சன், உயிரோடு இருக்கும் மனிதரின் டிஸ்க்குக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் அதிகம், குனிந்து தூக்கினால் இன்னும் அதிகம் என்று அட்டவணை போட்டார். அந்த அட்டவணை பாடப்புத்தகம் பாடப்புத்தகமாக ஏறி, குனியாதே, உட்காராதே, தூக்காதே என்று சுவரொட்டியாக இறங்கியது. 1999-ல் ஜெர்மனியில் அதே அளவீட்டை, ஒரே ஒருவரிடம்தான், நவீனக் கருவியோடு மறுபடி செய்தபோது, நாற்காலியில் தளர்ந்து சாய்ந்து உட்காரும்போது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவு என்று வந்தது. அதைவிட முக்கியமான விஷயம், அழுத்தம் கூடுவதே காயம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. தொடை எலும்பிலும்தான் நடக்கும்போது அழுத்தம் கூடுகிறது.

ஓய்வைப் பற்றி ஆய்வுகள் பேசுவதில் குழப்பமே இல்லை. 1986-ல், திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டவர்களில் பாதிப் பேரை 2 நாளும் பாதிப் பேரை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை, வேலைக்குப் போகாத நாள்கள்தான் 2 நாள் குழுவில் குறைவு. 1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரை வைத்து நடந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு குழுவுக்கு 2 நாள் படுக்கை ஓய்வு, இன்னொன்றுக்கு முதுகை வளைக்கும் பயிற்சி, மூன்றாவது குழுவிடம் 'வலி அனுமதிக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைச் செய்யுங்கள்' என்று மட்டும் சொன்னார்கள். சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு. படுத்தவர்கள்தான் கடைசி. கவனியுங்கள், பயிற்சிக் குழுவும் மூன்றாவது குழுவிடம் தோற்றது. புதிதாகப் பிடித்த இடுப்புக்கு முதல் வாரத்திலேயே பயிற்சி என்று பறக்க வேண்டியதில்லை, நடமாட்டம் போதும். உங்களுடையது இரண்டு வருட வலி, அதற்குக் கணக்கு வேறு.

அந்த வேறு கணக்கைப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் கார்டன் வாடெல் என்ற ஸ்காட்லாந்து எலும்பு மருத்துவர். முதுகுவலிக்கு மேலும் மேலும் சிகிச்சை கொடுக்கிறோம், முடங்கிப்போகிறவர்கள் மேலும் மேலும் கூடுகிறார்களே என்று 1987-ல் எழுதினார். வலியின் கடுமையைவிட, வலியைப் பற்றிய நம்பிக்கையும் அச்சமும்தான் யார் முடங்குவார் என்பதை அதிகம் தீர்மானிக்கின்றன என்று அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டினார்கள். குனிந்தால் ஆபத்து என்று நம்புகிறவர் குனியும்போது மூச்சைப் பிடித்து, முதுகுத் தசைகளை இறுக்கி, பலகை மாதிரி இறங்குவார். இறுகிய தசை வலிக்கும். வலித்ததும் 'பார்த்தாயா, ஆபத்துதான்' என்று நம்பிக்கை உறுதிப்படும். நாளடைவில் நரம்பு மண்டலமே அந்தப் பகுதியிலிருந்து வரும் சாதாரணச் செய்தியையும் அலாரமாக வாசிக்கப் பழகிவிடுகிறது. வலி மனசில்தான் இருக்கிறது என்று இதற்குப் பொருள் சொல்லாதீர்கள். வலி உண்மையானது. அலாரம் அடிப்பதும் உண்மை. ஆனால் அலாரம் எவ்வளவு சத்தமாக அடிக்கிறது என்பது நெருப்பின் அளவை மட்டும் பொறுத்ததல்ல.

நம்பிக்கையை மாற்றினால் பலன் உண்டா என்று ஒரு மாநிலமே சோதித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997-ல் தொலைக்காட்சியில் தொடர்ந்து விளம்பரம் போட்டார்கள்: முதுகுவலி என்று படுக்காதீர்கள், எழுந்து நடமாடுங்கள் என்பதே செய்தி. பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் போடவில்லை. பிறகு ஒப்பிட்டபோது விக்டோரியாவில் பொதுமக்களின் எண்ணமும் மாறியிருந்தது, மருத்துவர்களின் எண்ணமும் மாறியிருந்தது, முதுகுவலிக்கான இழப்பீட்டு மனுக்களும் குறைந்திருந்தன. யாருடைய டிஸ்க்கிலும் யாரும் கை வைக்கவில்லை.

இப்போது பயிற்சி. 2021-ல் வெளியான காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் சர்வதேச அமைப்பின் வெளியீடு), நாள்பட்ட இடுப்பு வலிக்குப் பயிற்சி பற்றிய 249 ஆய்வுகளை, 24,000-க்கும் மேற்பட்டவர்களை எடுத்து அலசியது. சிகிச்சையே இல்லாதவர்கள் அல்லது வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு, 100-க்கு 15 புள்ளி அளவு வலி குறைந்திருந்தது. 70-ல் இருந்த வலி 55-க்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பூஜ்யம் ஆகவில்லை. இதைச் சொல்லாமல் பயிற்சியை விற்பது நேர்மை இல்லை. இன்னொரு பலவீனமும் உண்டு: மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுக்கலாம், போலி நடைப்பயிற்சி கொடுக்க முடியாது. தான் பயிற்சி செய்கிறோம் என்று தெரிந்தவர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் வாய்ப்பு அதிகம். தவிர, வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஆள் ஆய்வில் சேருகிறார். உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்குவது எப்படியும் நடக்கும். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 'எங்கள் மையத்தில் 90 சதவீதம் குணம்' என்று யாராவது சொன்னால் அதனால்தான் நான் கேட்டுக்கொண்டே நகர்ந்துவிடுவேன்.

எந்தப் பயிற்சி என்ற போட்டியில் என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. 1996-ல் ஆஸ்திரேலியாவில் பால் ஹாட்ஜஸும் அவரோடு ஆய்வு செய்தவரும் அழகான ஒன்றைக் கண்டார்கள். கையைத் தூக்குவதற்குச் சற்று முன்பாகவே அடிவயிற்றின் ஆழத் தசை சுருங்குகிறது; இடுப்பு வலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது. தாமதம் மில்லி விநாடிக் கணக்கில். அதை வைத்து உலகமே 'கோர்' பயிற்சியில், அதாவது வயிறு-முதுகின் ஆழத் தசைகளுக்கான பயிற்சியில், இறங்கியது. நானும் பல வருடம், தொப்புளை உள்ளே இழுங்கள், இழுத்தபடி மூச்சு விடுங்கள், என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிப்பில் தவறில்லை. ஆனால் 2016-ல் தொகுத்துப் பார்த்தபோது, அந்தத் தசையைக் குறிவைத்த பயிற்சி மற்ற பயிற்சிகளைவிடப் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. வலி குறைந்தவர்களில் பலருக்கு அந்தத் தசையின் தாமதம் அப்படியே இருந்தது, தாமதம் சரியானவர்கள் சிலருக்கு வலி அப்படியே இருந்தது. சில நோயாளிகள் நான் சொன்னதை நம்பி நாள் முழுக்க வயிற்றை இறுக்கிக்கொண்டே நடந்தார்கள், இறுக்கமே அவர்களுக்கு வலியானது. அவர்களிடம் பிறகு, விட்டுவிடுங்கள், தளர்ந்து குனியுங்கள், என்று சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த 'விட்டுவிடுங்கள்' வழியை ஒழுங்காகச் சோதித்த ஆய்வு 2023-ல் வந்தது. ஆஸ்திரேலியாவில் 492 பேர், எல்லோருக்கும் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட, வேலையைக் கெடுக்கும் இடுப்பு வலி. இவர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டுகள் 12 வாரத்தில் அதிகபட்சம் 7 முறை சந்தித்து, ஒவ்வொருவரும் எந்த அசைவுக்குப் பயப்படுகிறாரோ அதையே தளர்வாகச் செய்யப் பழக்கினார்கள். பிறகு ஒரு நினைவூட்டல் சந்திப்பு. வழக்கமான சிகிச்சையைவிடப் பலன் தெளிவாக அதிகம். ஒரு வருடத்துக்குப் பிறகும் அது கரையவில்லை. முதுகுவலி ஆய்வுகளில் ஒரு வருடம் தாங்கும் பலன் அரிது. இரண்டு வருட வலிக்கு நான் முதலில் தேடச் சொல்வது இந்த வகைச் சிகிச்சையாளரைத்தான்.

இதற்கு நேர் எதிரே, எளிமையின் உச்சத்தில், நடை. 2024-ல் வந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரில் ஒரு பகுதியினருக்கு, பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு படிப்படியாக நடையைக் கூட்டும் திட்டம் கொடுத்தார்கள். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பதை நோக்கி ஆறு மாதத்தில் ஏறுவது. வலி திரும்ப வர எடுத்துக்கொண்ட காலம், நடந்தவர்களிடம் நடுமதிப்பாக 208 நாள், மற்றவர்களிடம் 112 நாள். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நீங்கள் காலுக்கு இறங்கும் வலியைச் சொல்லவில்லை, ஆனாலும் இதைப் படிக்கும் சிலருக்கு இருக்கும் என்பதால் ஒரு வார்த்தை. டிஸ்க் உடைந்து வெளியே வந்துவிட்டால் ஆயுசுக்கும் அப்படியே நிற்கும் என்று நினைக்காதீர்கள். தனியாகப் பிரிந்து விழுந்த துண்டுகளில் 96 சதவீதம் தானாகவே சுருங்கியதாக 2015-ல் ஒரு தொகுப்பு காட்டியது. வெறும் பிதுக்கம் சுருங்கியது 13 சதவீதம்தான். பெரிதாக வெளியே வந்ததை உடலின் எதிர்ப்பு அணுக்கள் அந்நியப் பொருளாக எண்ணித் தின்றுவிடுகின்றன. பார்க்கப் பயங்கரமாக இருக்கும் படம்தான் அதிகம் மாறுகிறது. நெதர்லாந்தில் 2007-ல் 283 பேரை வைத்து நடந்த ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால்வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருட முடிவில் இரு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆனால் காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வலி பொறுக்க முடியாதவர் அறுவை செய்துகொள்வது தோல்வி இல்லை.

முட்டிக்கு வருவோம். முட்டி வலித்து லேசாக நீர் கோத்தாலே, தொடையின் முன்தசைக்குப் போகும் கட்டளையை நரம்பு மண்டலம் மட்டுப்படுத்திவிடும். நன்றாக இருக்கும் முட்டிக்குள் கொஞ்சம் உப்புநீரை ஏற்றிப் பார்த்தபோதும் இதே கதைதான். தசை சோர்ந்தால் மூட்டில் அதிர்ச்சி கூடும், அதிர்ச்சி கூடினால் வலி, வலியால் இன்னும் சோர்வு. எனவே முட்டி வலிக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தச் சொல்வது சும்மா இல்லை. ஆனால் இங்கேயும் எண்களை ஊதிக்காட்ட மாட்டேன். 2021-ல் மெஸ்ஸியர் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு 377 பேரிடம் கடும் எடைப் பயிற்சி, லேசான எடைப் பயிற்சி, வெறும் சுகாதார வகுப்பு மூன்றையும் ஒப்பிட்டபோது, 18 மாத முடிவில் வலியில் வித்தியாசம் இல்லை. 2024-ல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் தொகுப்பும் முட்டிப் பயிற்சியின் பலன் சராசரியில் சிறியது என்றுதான் சொல்கிறது. வெறும் எடையை ஏற்றிக்கொண்டே போனால் முட்டி சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் பயிற்சியோடு அதைக் குறைப்பதுதான் முட்டிக்குப் பெரிய நெம்புகோல். அதே மெஸ்ஸியர் 2005-ல் கணக்கிட்டது: உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். 2013-ல் 454 பேரிடம் சோதித்தபோது உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் சேர்ந்த குழுவுக்கு எடை 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. ஒன்றை மட்டும் செய்தவர்களைவிட வலியும் குறைவு.

ஊசி பற்றி. முட்டிக்குப் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சில வாரம் நன்றாகக் கேட்கும். 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகளில் 156 பேரை இரு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு ஊசி, இன்னொன்றுக்குப் பிசியோதெரபி கொடுத்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு பிசியோதெரபி குழு தெளிவாக முன்னால் இருந்தது. 2017-ல் இன்னொரு ஆய்வு: மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு, உப்புநீர் போட்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகக் கரைந்தது. கல்யாணம், பயணம் என்று ஏதோ ஒன்றைத் தாண்டுவதற்கு ஒருமுறை போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாதக் கணக்கு வைத்துப் போடுவதில் இருக்கிறது. அதேபோல, தேய்ந்த முட்டிக்குள் துளைபோட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ராஸ்கோபி 2002-ல் போலி அறுவையோடு மோதித் தோற்றது. தோலை மட்டும் கீறித் தைத்தவர்களும் உள்ளே சுத்தம் செய்யப்பட்டவர்களும் ஒரே அளவுதான் தேறினார்கள். முழு முட்டி மாற்று அறுவையை இதோடு சேர்க்காதீர்கள், அது வலுவான சிகிச்சை. 2015-ல் டென்மார்க்கில் அதையும் பயிற்சி-உணவு-கல்வித் தொகுப்பையும் ஒப்பிட்டபோது அறுவைதான் அதிக நிவாரணம் தந்தது, தீவிரமான பக்கவிளைவுகளும் அதில்தான் அதிகம். அறுவை இல்லாத குழுவில் ஒரு வருடத்துக்குள் அறுவைக்குப் போனவர்கள் 26 சதவீதம்தான். ஒரு வருட முட்டி வலிக்கு இப்போதே அந்தப் பேச்சு வேண்டாம்.

பெல்ட்டும் கரன்ட்டும்: உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், பெல்ட், ட்ராக்ஷன் (முதுகை இழுத்துவைக்கும் சிகிச்சை), அல்ட்ராசவுண்ட் சிகிச்சை, தோல் வழியே கரன்ட் வைப்பது எல்லாமே வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்ற பட்டியலில் இருக்கின்றன. பயிற்சி, புரியவைத்தல், நடத்தை சார்ந்த உளவியல் சிகிச்சை, மசாஜ் போன்றவை கொடுக்கலாம் என்ற பட்டியலில். கரன்ட் வைத்துவிட்டு வரும்போது சுகமாக இருக்கிறதே என்றால், இருக்கட்டும். அரைமணி நேரம் படுத்து, ஒருவர் அக்கறையாகக் கவனித்தால் சுகமாகத்தான் இருக்கும். நேரமும் பணமும் அதோடு தீர்ந்துபோனால்தான் நஷ்டம்.

உங்களுக்கு நான் எழுதிக்கொடுப்பது என்றால் இப்படித்தான் தொடங்குவேன். தினமும் நடை, இப்போது வலி கூடாமல் 10 நிமிடம் முடிகிறது என்றால் அங்கிருந்தே ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். வாரத்தில் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, 8 முதல் 12 முறை, மூன்று சுற்று. முட்டி எதிர்த்தால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள், பழகியதும் குறையுங்கள். அப்புறம் தாழ்வான படி ஒன்றில் ஏறி இறங்குவது. கடைசியாக, நீங்கள் இரண்டு வருடமாகத் தவிர்த்துவரும் குனிதல். முதலில் உட்கார்ந்தபடி கையைத் தரையை நோக்கித் தொங்கவிட்டு, மூச்சை விட்டு, முதுகு உருண்டு இறங்கட்டும். பிறகு நின்றபடி. பிறகு கையில் ஒரு கிலோ, இரண்டு கிலோ. குனிவது இங்கே பயிற்சியும்தான், பரிசோதனையும்தான்: இறங்கினேன், ஒன்றும் உடையவில்லை என்று உடம்பு பார்த்துக்கொள்ள வேண்டும்.

வலித்தால் என்ன செய்வது? டென்மார்க்கில் 2013-ல் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய முட்டி-இடுப்பு மூட்டுப் பயிற்சித் திட்டத்தில் பயன்படுத்தும் அளவுகோலையே நானும் சொல்கிறேன். 0-விலிருந்து 10-வரை வலிக்கு மதிப்பெண் போடுங்கள். பயிற்சியின்போது 5 வரை போகலாம். 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி. திரும்பாவிட்டால் நிறுத்த வேண்டாம், அடுத்த முறை அளவைக் குறையுங்கள். குறைந்தது எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் கொடுத்துவிட்டுத்தான் தீர்ப்பு. இடையில் ஒருநாள் நிச்சயம் இடுப்பு பிடிக்கும். பயிற்சி செய்யாமல் இருந்தாலும் அது பிடித்திருக்கும். இரண்டு நாள் நடையை மட்டும் வைத்துக்கொண்டு மூன்றாம் நாள் திரும்புங்கள்.

நான் சொன்னது எதுவும் சில நிலைமைகளுக்குப் பொருந்தாது. மலஜலம் கழிக்கும் பகுதியைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடு இல்லாமல் போவது, இரு கால்களிலும் வலு குறைவது, இவை தென்பட்டால் அன்றே மருத்துவமனை. மறுநாள் என்று தள்ளக் கூடாது. காய்ச்சலோடு முதுகுவலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வரும் வலி, காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த வலி, இவற்றுக்கும் முதலில் மருத்துவர். முட்டி திடீரென்று சிவந்து, சூடாகி, வீங்கினாலும் அப்படியே.

இன்னொன்றை நீங்கள் எழுதவில்லை. காலையில் எழுந்ததும் இடுப்பில் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது? ஐந்து பத்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் மேலே சொன்னது போதும். அரைமணிக்கு மேல் நீடித்து, ஓய்வெடுத்தால் கூடி, நடமாடினால் குறைகிறது, அதுவும் இந்த இரண்டு வருடத்துக்கு வெகு முன்பே, நாற்பது வயதுக்குள் லேசாக ஆரம்பித்தது என்றால், அது முதுகெலும்பு மூட்டு அழற்சி வகையாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு, பார்க்க வேண்டியவர் ருமட்டாலஜிஸ்ட், அதாவது மூட்டு அழற்சி நோய்களுக்கான மருத்துவர். அதைச் சொல்லுங்கள், பன்னிரண்டு வாரக் கணக்கைத் தொடங்குவதா, அதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போவதா என்று பார்த்துச் சொல்கிறேன்.